எண்ணெய்க் கசட்டை மீயொலியால் பிரிப்பது: ஆய்வகத்தில் முதல்முறை செய்பவர்களுக்கு

கச்சா எண்ணெய்த் தொட்டியின் அடியில் தங்கும் கசட்டை அப்படியே எவ்வளவு நாள் விட்டு வைத்தாலும் பிரியாது. எண்ணெய்க்குள் நுண்ணிய நீர்த்துளிகள், அவற்றைச் சுற்றி அஸ்ஃபால்டீனும் ரெசினும் (கச்சா எண்ணெயின் கனமான பகுதிகள்) கட்டிய தோல், அந்தத் தோலில் ஒட்டிய களிமண் துகள்கள் என்று எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இந்தப் பிடியைத் தளர்த்துவதற்குத்தான் மீயொலி, அதாவது காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலி. திரவத்தில் அது நுண்ணிய குமிழிகளை உருவாக்கி நொறுக்கும், அந்த நொறுங்கலின் உதைதான் வேலையைச் செய்கிறது. மீயொலி எண்ணெயை அழிக்காது. 20 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும் கருவி துகளிலிருந்து எண்ணெயைக் கழற்றிவிடும், அவ்வளவுதான். மிச்ச மண்ணில் ஒட்டியிருக்கும் ஹைட்ரோகார்பனுக்குத் தனியாக ஒரு வழி பார்க்க வேண்டும். இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவி?

என் ஓட்டு புரோப் வகைக்கு, அதாவது திரவத்துக்குள் இறக்கும் அதிரும் தண்டுக்கு. டைட்டானியம் முனை நேராகக் கசட்டுக்குள் இறங்குவதால் எவ்வளவு சக்தி போகிறது என்று கணக்குப் போட முடியும். பாத் வகையில் நீர் நிரப்பிய தொட்டியே அதிரும், பீக்கரை அதற்குள் வைக்க வேண்டும்; தொட்டியின் ஒரு இடத்தில் வீச்சு அதிகம், கொஞ்சம் தள்ளிப்போனால் ஒன்றுமே இல்லை. நம்பாவிட்டால் அலுமினியத் தாள் ஒன்றை அதற்குள் சிறிது நேரம் தொங்கவிட்டுப் பாருங்கள். சில இடத்தில் ஓட்டை விழுந்திருக்கும், சில இடம் புதிதாகவே இருக்கும். பாத் மட்டும்தான் இருக்கிறது என்றால், ஓட்டை விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு பீக்கரை எப்போதும் அங்கேயே வையுங்கள்.

தொடங்கும் முன்

ஃபியூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். கசடு சூடாகும்போது பென்சீன் ஆவி வரும், ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரலாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு மூக்கை மரத்துப்போக வைத்துவிடும். வாடை நின்றுவிட்டது என்பதால் ஆபத்து நின்றதாக ஆகாது. எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான் எதையும் புரோப்புக்கு அடியில் வைக்க வேண்டாம். பாத்திரத்தை இறுக மூடக்கூடாது. காதுக்கும் பாதுகாப்பு வேண்டும்: 20 கிலோஹெர்ட்ஸ் பெரும்பாலோருக்குக் கேட்காது, ஆனால் குமிழிகள் நொறுங்கும் இரைச்சல் நன்றாகவே கேட்கும்.

அப்புறம், கசட்டில் எண்ணெய், நீர், மண் எவ்வளவு என்று முன்கூட்டியே அளந்துவிடுங்கள். நீருக்கு டொலுவீன் ஊற்றி டீன்-ஸ்டார்க் (கொதிக்கவைத்து நீரைத் தனியே பிடிக்கும் கருவி), மண்ணுக்கு சாக்ஸ்லெட் (கரைப்பானால் எண்ணெயைத் திரும்பத் திரும்பக் கழுவி எடுக்கும் கருவி). இது இல்லாமல் பின்னால் வரும் எந்த எண்ணுக்கும் பொருள் இருக்காது.

சக்தியை அளப்பது

கருவியின் திரையில் தெரியும் வாட் மின்சாரம் இழுத்த கணக்கு. திரவத்துக்குள் போனது அதைவிடக் குறைவு. 200 மில்லி தண்ணீரில் புரோப்பை 60 வினாடி ஓட்டி வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். 4.3 டிகிரி ஏறினால் 200 × 4.18 × 4.3 ÷ 60 (4.18 என்பது நீரின் தன்வெப்பம்), அதாவது சுமார் 60 வாட். முனையின் விட்டம் 13 மில்லிமீட்டர் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 45 வாட். இந்த எண்ணை எழுதி வைத்தால்தான் இன்னொருவர் உங்கள் சோதனையைத் திரும்பச் செய்ய முடியும்.

கலவை

கசடு ஒரு பங்கு, நீர் இரண்டு பங்கு, எடைக்கு எடை. இங்கிருந்து தொடங்கி உங்கள் கசட்டுக்கு ஏற்றபடி மாற்றுங்கள். நீர் சேர்க்காத கெட்டிக் கசட்டில் குமிழி உருவாகவே திணறும். வெப்பநிலை 40 டிகிரி அளவில் இருக்கட்டும். சூடு கூடினால் எண்ணெய் இளகும் என்பது சரிதான், ஆனால் குமிழிக்குள் ஆவி நிறைந்து மெத்தைபோல் ஆகிவிடும், நொறுங்கும் வேகம் குறையும். புரோப் தானே சூடேற்றும் என்பதால் பீக்கரைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, துடிப்பு முறையில், அதாவது விட்டு விட்டு ஓட்டுங்கள்.

எப்போது நிறுத்துவது?

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான், பெரும்பாலோர் தடுமாறுவதும் இங்கேதான். கொஞ்ச நேரம் ஓட்டினால் நல்லது, அப்படியென்றால் நிறைய நேரம் ஓட்டினால் இன்னும் நல்லது என்று தோன்றும். நடப்பது தலைகீழ். முதலில் துகளிலிருந்து எண்ணெய் கழலும். அதன்பிறகும் அதே சக்தியைக் கொடுத்துக்கொண்டே இருந்தால், கழன்ற எண்ணெயையே மீயொலி பொடிப்பொடித் துளிகளாக உடைத்து நீரில் கலக்கிவிடும். முன்பைவிடப் பிடிவாதமான புது எமல்ஷன் (பிரியாத எண்ணெய்-நீர்க் கலவை) கையில் இருக்கும்.

ஆகவே ஒரே நேரத்தை நம்பாதீர்கள். 1, 2, 4, 8, 16 நிமிடங்களுக்கு ஒவ்வொரு தனி பீக்கர் வையுங்கள். கூடவே, புரோப்பை இறக்காமல் அதே சூட்டில் வெறுமனே கலக்கிய ஒரு பீக்கர். இது கட்டாயம். வெந்நீரும் கலக்கலும் செய்த வேலையை மீயொலியின் கணக்கில் எழுதிவிடக்கூடாது.

எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் சென்ட்ரிஃபியூஜ் செய்யுங்கள். 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள ரோட்டரில் 3000 ஆர்பிஎம் என்றால் ஏறக்குறைய 1500 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 1500 மடங்கு. குழாய்களை வெளிச்சத்துக்கு எதிரே வரிசையாகப் பிடியுங்கள். மேலே கறுப்பு எண்ணெய், நடுவில் நீர், அடியில் மண் என்று கோடு போட்டது போல நின்றால் நல்லது. எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே பஞ்சு போன்ற பழுப்புப் பட்டை தடிமனாகிக்கொண்டே வந்தாலோ, தெளிவாக இருந்த நீர் கலங்கலாக மாறினாலோ நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். அந்தப் பட்டை மெல்லியதாக இருக்கும் கடைசிக் குழாயின் நேரம்தான் உங்கள் நேரம். சந்தேகமென்றால் நீரிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். துளிகள் நெருக்கமாக மிதந்தால் அடுத்த முறை சக்தியைப் பாதியாக்குங்கள்.

வாசகர்கள் கேட்டதால் சேர்த்தது

"சத்தம் திடீரென்று மாறுகிறது, கசடு அப்படியே இருக்கிறது" என்று சிலர் எழுதியிருந்தார்கள். முனை மேற்பரப்புக்கு மிக அருகில் இருந்தால் காற்றை இழுத்து நுரை கட்டும், சக்தி உள்ளே போகாது. இரண்டு சென்டிமீட்டராவது இறக்குங்கள், பீக்கரின் அடியையும் சுவரையும் தொடக்கூடாது.

முனையில் குழி விழுவது பற்றியும் கேட்டிருந்தார்கள். மணல் உள்ள கசட்டில் அது சீக்கிரமே தேயும். லேசான குழி என்றால் மெல்லிய எமரித் தாளால் தேய்த்துச் சமப்படுத்தலாம், ஆழமாகிவிட்டால் முனையை மாற்றத்தான் வேண்டும். தேய்ந்த டைட்டானியம் அடியில் தங்கும் மண்ணோடு சேர்கிறது. மண்ணில் உலோகங்களை அளக்கப் போகிறீர்கள் என்றால், கசடு இல்லாத நீரில் அதே நேரம் புரோப்பை ஓட்டி, அந்த நீரையும் சேர்த்து அளக்க அனுப்புங்கள், முனையிலிருந்து வந்த டைட்டானியம் எவ்வளவு என்று தெரியும்.