புதுக் கேரவனுக்கு எதை முதலில் வாங்குவது? எடை மேடை முதல் களத்து ராத்திரி வரை

கேரவன் வாசலுக்கு வந்து நின்றதும் மனசு போவது டி.வி., கலர் லைட்டு, வெளியே விரிக்கும் கூரைத்துணி பக்கம்தான். நான்கு வருஷமாக வால்பாறை, தாராபுரம், கொல்லிமலை என்று குடும்பத்தோடு சுற்றியதில் என் வரிசை முழுக்க மாறிவிட்டது. வண்டி ஓடும்போது நம்மைக் காக்கும் பிரேக்கும் பெல்ட்டும் கம்பெனியிலேயே வந்துவிடும். ராத்திரி வண்டி நிற்க, உள்ளே பிள்ளைகள் தூங்கும்போது காக்கும் சாமான்களை நாம்தான் தேடி வாங்க வேண்டும். அவற்றில் பாதி ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை. முதலில் அவை, மற்றதெல்லாம் அப்புறம்.

இது டிராவலர் மாதிரி வேனைக் கேரவனாக மாற்றி வைத்திருப்பவர்களுக்கு எழுதுவது. காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லர் கேரவனுக்கு வேறு மாதிரி செய்ய வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். வண்டியின் அமைப்பை மாற்றியிருந்தால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைத்தான் கேட்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள். இது முடியாமல் சாமான் வாங்கக் கிளம்ப வேண்டாம்.

படி 1: எடை மேடைக்குப் போங்கள்

நம்ம ஊர்ப்பக்கம் மஞ்சள், தேங்காய், நூல் என்று எல்லாவற்றுக்கும் எடை மேடை இருக்கிறது. அங்கே வண்டியை ஏற்றி ஒரு சீட்டு வாங்குங்கள். நான் முதல் தடவை போனபோது மேடையில் இருந்த பெரியவர் கேட்ட கேள்வி இது: “ஏனுங்க, டேங்க்ல தண்ணி இருக்குதுங்களா? காலியா எடை போட்டுட்டு அப்புறம் ரொப்பிட்டுப் போனா, அது எந்தக் கணக்குலீங்க வரும்?”

அந்தக் கணக்கைத்தான் போட வேண்டும். உதாரணத்துக்கு, ஆர்.சி.யில் அனுமதித்த மொத்த எடை 3,500 கிலோ, உங்கள் காலி வண்டி 2,900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 600. நான்கு பேர் ஏறினால் 260 போய்விடும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, 100 லிட்டர் டேங்க் என்றால் 100. இனிமேல் வைக்கப்போகிற இரண்டு பெரிய இன்வெர்ட்டர் பேட்டரிக்கு 110. மிச்சம் 130 கிலோ. சிலிண்டர், அடுப்பு, பாத்திரம், படுக்கை, துணிமணி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இது தெரிந்த பிறகு கடைக்குப் போனால் கை தானாகவே சுருங்கும்.

சாமான் எல்லாம் ஏற்றிய பின் இன்னொரு தடவை எடை போடுங்கள். அப்போது பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு எடை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் டேங்க், பேட்டரி, சிலிண்டர் மூன்றும் பின்னால் இருக்கும் வண்டியில் மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் வரம்பைத் தாண்டியிருக்கலாம். டிரெய்லர் என்றால் கொக்கியில் அழுத்தும் எடையையும் பார்க்க வேண்டும். டிரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் வரை முன்பக்கம் அழுத்தினால் அது வாலாட்டாமல் வரும்.

வண்டியின் உயரத்தையும் டேப் வைத்து அளந்து, டிரைவர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். ரயில் பாலத்துக்கு அடியில் நுழையும்போதும், பழைய ரோட்டில் புளியமரக் கிளை தாழ்ந்து நிற்கும் இடத்திலும் அந்த எண் வேண்டியிருக்கும்.

படி 2: மட்டமாக நிறுத்தி, கட்டை போடுங்கள்

கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று, சக்கரத்துக்கு அடியில் போட கனமான பலகை நான்கு, முட்டுக்கட்டை நான்கு. இவ்வளவுதான் சாமான். பலகை டயரின் அகலத்தைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும்.

ரசமட்டத்தை உள்ளே தரையில் முதலில் குறுக்கே, அப்புறம் நீளவாக்கில் வையுங்கள். எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தச் சக்கரத்தைப் பலகைமேல் ஏற்றி நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக், கியர், அதற்குப் பிறகு கட்டை. சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கட்டை சக்கரத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு சாண் இடைவெளி விட்டுப் போட்ட கட்டையை உருளத் தொடங்கிய வண்டி ஏறித் தாண்டிவிடும். டிரெய்லரில் காரைக் கழற்றும் முன்பே கட்டை போட்டாக வேண்டும். நான்கு மூலையிலும் இறக்கும் கால்கள் ஆட்டத்தை நிறுத்தத்தான், அவற்றை ஜாக்கியாக வைத்து வண்டியைத் தூக்கக்கூடாது.

மட்டம் தூக்கத்துக்கு மட்டும் இல்லை. கேஸிலும் ஓடும் வகை ஃப்ரிட்ஜுக்குள் அம்மோனியா தன் எடையிலேயே சரிந்து ஓடித்தான் குளிர் வரும். வண்டி சாய்ந்து நின்றால் அந்த ஓட்டம் தடைப்பட்டு ஃப்ரிட்ஜ் கெடும். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் கொஞ்சம் சாய்வைத் தாங்கும். புதிதாக வாங்குவதாக இருந்தால் கம்ப்ரசரையே வாங்குங்கள்.

படி 3: கரண்ட்

இந்தப் படியில் அவசரமே வேண்டாம்.

ஒரு சொந்தக்காரர் தோட்டத்துச் சாளையில் நிறுத்தி, வீட்டு பிளக்கில் கேபிளை மாட்டியிருந்தோம். மழை பெய்து விட்டிருந்த நேரம். என் மகள் வெறுங்காலோடு வந்து கதவுப் பிடியைத் தொட்டதும் கையை உதறினாள். “சுள்ளுன்னு அடிக்குதுப்பா.” டெஸ்டரை கதவில் வைத்தேன், மங்கலாக எரிந்தது. மெயினை அணைத்துவிட்டு அந்த பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தால், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் பச்சை ஒயரே இல்லை. ஓட்டை மட்டும் இருக்கிறது, எர்த் இல்லை.

கேரவன் ரப்பர் டயர்மேல் நிற்கிறது. உள்ளே எங்காவது கரண்ட் கசிந்து பாடிக்கு வந்தால், எர்த் ஒயர் இல்லாத வண்டியில் அது தரைக்குப் போக வழி கிடையாது. ஈரத் தரையில் நின்று கதவைத் தொடுகிறவர் உடம்புதான் வழி. அதனால் வாங்க வேண்டியவை:

• மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டர். எந்த ஊரில், யார் வீட்டில் மாட்டினாலும் முதலில் இதைச் செருகிப் பாருங்கள். எர்த் இல்லை என்று காட்டினால் அங்கே மாட்ட வேண்டாம், அன்றைக்கு பேட்டரியிலேயே சமாளியுங்கள்.

• வண்டிக்குள் கரண்ட் நுழையும் இடத்திலேயே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) எம்.சி.பி.யும் (அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் துண்டிக்கும் சுவிட்ச்). ஆர்.சி.சி.பி.யில் ‘டெஸ்ட்’ பட்டன் இருக்கும். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தடவை அழுத்துங்கள், சுவிட்ச் தானாகக் கீழே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள்.

• 25 மீட்டர் கேபிள்: 2.5 ஸ்கொயர் எம்.எம்., மூன்று கோர், ரப்பர் உறை, 16 ஆம்பியர் பிளக். எவ்வளவு கிட்டத்தில் மாட்டினாலும் சுருளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுருட்டியபடி கரண்ட் எடுத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும்.

மாட்டும்போது கேபிளை முதலில் வண்டியில், அப்புறம் சுவரில். கழற்றும்போது முதலில் சுவரில். கேபிளை மாட்டியதும் வண்டிச் சாவியை அந்த பிளக்குக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் தொங்கவிடுவேன். கேபிளோடு வண்டி நகர வாய்ப்பே இல்லாமல் போகும். இன்னொன்று, விவசாய இலவச மின்சாரம் பம்புசெட்டுக்கு மட்டும்தான். மோட்டார் ரூமிலிருந்து கேரவனுக்கு ஒயர் இழுக்கக்கூடாது.

பேட்டரியை வாங்கும் முன் ஒரு காகிதத்தில் கணக்குப் போடுங்கள். 12 வோல்ட் ஃபேன் 25 வாட், எட்டு மணி நேரத்துக்கு 200. மூன்று எல்.இ.டி. விளக்கு நான்கு மணி நேரத்துக்கு 60. சின்ன ஃப்ரிட்ஜ் 50 வாட், ஒரு நாளில் 10 மணி நேரம் ஓடினால் 500. மொத்தம் 760 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரியில் இருப்பது 1,200. ஆனால் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும், எனவே கைக்கு வருவது 600தான், போதாது. 150 ஏ.எச். என்றால் 900, சரியாக வரும். லித்தியம் என்றால் விலை அதிகம், எடை குறைவு, முக்கால்வாசிக்கு மேலேயே எடுக்கலாம். ஒரு டன் ஏ.சி. 1,000 வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். இந்த பேட்டரியில் அது ஒரு மணி நேரம்கூட வராது. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் போட்டிருக்கிறார்களா என்று நீங்களே கண்ணால் பாருங்கள்.

படி 4: கேஸும் புகையும்

2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில் ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று சோதனையில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

ஆகவே ஜெனரேட்டரை ஓட்டிக்கொண்டு உள்ளே தூங்கக் கூடாது, கரி அடுப்பை உள்ளே வைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கையில் மூச்சு விடும் உயரத்தில் மாட்டுங்கள். கேஸ் கசிவு அலாரம் தனி, அது தரையோரம் இருக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் படியும். ஜன்னலைத் திறந்தால் போகாது. சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை இருக்கிறதா பாருங்கள், ஈர மண் அடைத்திருந்தால் குத்தி எடுங்கள். 5 கிலோ சிலிண்டர் போதும். நிமிர்த்தி வைத்து பெல்ட் போட்டுக் கட்டி, ஓடும்போது ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, முட்டை விடுகிறதா என்று பயணத்துக்கு முன் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பானைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அடுப்பு எரியும்போது அடுப்புக்கு மேலே மாட்டியதை எடுக்க முடியாது.

படி 5: தண்ணீர்

டேங்குக்கு நல்ல தண்ணிதான். பல்லடம், திருப்பூர் பக்கத்து போர் தண்ணீரை நிரப்பினால் சின்ன பம்பிலும் குழாய் வாயிலும் உப்பு படிந்து சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் கிடைக்கும் வீட்டில் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் குடிக்கவும் ருசி. குடிநீருக்கு ஒரு ஓஸ், கழுவ வேறு நிறத்தில் ஒரு ஓஸ், ஒன்றுக்கொன்று மாற்றாதீர்கள். இரண்டு 20 லிட்டர் கேன் தனியாக.

கழுவிய தண்ணீருக்கும் அடியில் டேங்கோ கேனோ வேண்டும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு), கீழ்பவானி வாய்க்கால் ஓரம் நிறுத்த அருமையான இடங்கள், நிழலும் காற்றும் உண்டு. அதில் சோப்புத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள், கீழே ஒருவர் வயலும் மாடும் அதை நம்பித்தான் இருக்கின்றன. கேசட் டாய்லெட்டின் (கழற்றி எடுக்கும் தொட்டி உள்ள டாய்லெட்) கழிவைக் கழிப்பறையில் மட்டும் கொட்டுங்கள்.

படி 6: சக்கரம், மலை, காற்று

ஸ்டெப்னி, உங்கள் எடைக்கு ஏற்ற ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் போட ஒரு பலகை, வீல் ஸ்பேனர், ஏர் கேஜ், முக்கோணப் பலகை. டயர் ஓரத்தில் நான்கு எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. கேரவன் நின்றே கிடக்கும் வண்டி, பட்டன் தேயாமலே ரப்பரில் வெடிப்பு விழும். வயதைப் பார்த்து மாற்றுங்கள்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று லாரிக்காரர்கள் சொல்வதை அப்படியே கேளுங்கள். பிரேக்கிலேயே இறங்கினால் சூடேறி பிரேக் பிடிக்காமல் போகும். திம்பம் வழியாகப் போவதென்றால் அங்கே இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனியிலிருந்து ஆவணி வரை உடுமலை, தாராபுரம், பல்லடம் முழுக்க வீசும். காற்றாலைகள் அங்கே நிற்பது அதனால்தான். கூரைத்துணி வாங்கினால் கூடவே ஒரு முழ நீள இரும்பு முளைக்குச்சி எட்டும், நல்ல கயிறும், கனமான சுத்தியலும் வாங்குங்கள். ஆடியில் ராத்திரி அதை விரித்து வைக்கவே வேண்டாம், சுருட்டிவிட்டுப் படுங்கள். வண்டியின் மூக்கு காற்றுக்கு எதிராக இருக்கும்படி நிறுத்தினால் ஆட்டமும் குறையும்.

மற்றவை சுருக்கமாக: பவானி ஜமக்காளம் ஒன்று (கீழே விரிக்க, வெளியே உட்கார, மடித்தால் இடமே எடுக்காது), கரூர் கொசுவலை, தலையில் மாட்டும் டார்ச், ஒரு ஜோடி ரப்பர் கையுறை.

படி 7: முதல் ராத்திரி சொந்தக் களத்தில்

முதல் பயணம் உங்கள் வீட்டுக் களத்துக்கோ வாசலுக்கோதான். வீட்டுக் கதவைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு கரண்டிக்காக உள்ளே ஓடிவிடுவீர்கள். மட்டம் பார்ப்பதிலிருந்து தொடங்கி, சமைத்து, குளித்து, தூங்கி எழுங்கள். எது இல்லாமல் தவித்தீர்களோ அதை மட்டும் எழுதி வைத்து மறுநாள் வாங்குங்கள். டி.வி. அந்தச் சீட்டில் வந்தால் வாங்குங்கள், எனக்கு இதுவரை வரவில்லை.

காலையில் கிளம்பும்போது ஒருவர் வண்டியைச் சுற்றி நடந்து வரட்டும்: ரெகுலேட்டர், கேபிள், கூரை ஜன்னல், படிக்கட்டு, கீழே விட்ட செருப்பு. எல்லாம் சரி என்றதும் ஓட்டுகிறவர் ஏறி உட்கார்ந்து பிரேக்கில் காலை வைக்கட்டும். அதற்குப் பிறகு மற்றவர் கட்டையை எடுக்கலாம். நான்கையும் எண்ணி உள்ளே வைத்துவிட்டு ஏறுங்கள்.