சமுதாய வானொலி தொடங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

சமுதாய வானொலி, அதாவது ஒரு ஊருக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்குமான சின்ன எஃப்.எம். நிலையம், தொடங்கும் கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் முதலில் சறுக்குவது, தனியார் எஃப்.எம். மாதிரியே ஒலிக்க ஆசைப்படுவதில்தான். மூச்சுவிடாமல் பேசும் ஆர்.ஜே., இரண்டு சினிமாப் பாட்டு, நடுவில் ஒரு ஜோக். இதையே பெரிய அலைவரிசைகள் இன்னும் நன்றாகச் செய்யும்போது உங்களை யார் கேட்பார்கள்? நிகழ்ச்சிகளில் பாதியாவது ஊர்க்காரர்களின் பங்கேற்போடு தயாராக வேண்டும் என்று அரசு விதியே சொல்கிறது. பாம்பனில் 2016-இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ மீனவர்களுக்காகவே நடக்கிறது. கடல், காற்று, வானிலை எல்லாம் அங்கே பேச்சாகும்.

பங்கேற்பு என்ற பெயரில் நடக்கும் கூத்து வேறு. மகளிர் குழுப் பெண்ணைக் கூட்டிவந்து, “நல்ல தமிழில் பேசுங்கம்மா” என்று மிரட்டி, இரண்டு நிமிடம் பதிவு செய்வார்கள். அதிகாரி பேசுவதற்கு அரைமணி நேரம். தெலங்கானாவில் 2008-இல் தொடங்கிய ‘சங்கம் ரேடியோ’வில் நிலையத்தையே நடத்துவது தலித் பெண்கள். மைக்கை நீட்டுவதோடு நிற்காமல் சாவியையும் கொடுத்துப் பாருங்கள்.

“செய்திதான் போடக்கூடாதே” என்று பயந்து ஊர் விஷயத்தையே தொடாதவர்கள் உண்டு. தடை இருப்பது செய்திக்கும் நடப்பு விவகாரங்களுக்கும் அரசியலுக்கும். அந்தத் தடை தேவையா என்பது தனிச் சண்டை. ஆனால் வானிலை, மின்தடை, குடிநீர் வரும் நேரம், தேர்வு முடிவு, உள்ளூர் விளையாட்டு, புயல் எச்சரிக்கை எதுவும் அந்தக் கணக்கில் வராது. தாராளமாகச் சொல்லலாம்.

மாவட்டம் முழுக்கக் கேட்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அனுமதிக்கப்படும் கதிர்வீச்சுத் திறன், அதாவது ஆன்டெனா வெளியிடும் அலையின் வலு, பொதுவாக 100 வாட். ஆன்டெனா உயரம் பொதுவாக 30 மீட்டருக்குள். பத்து கிலோமீட்டர் எட்டினாலே பெரிது. குன்றோ அடுக்குமாடியோ குறுக்கே நின்றால் அதற்குப் பின்னால் இரைச்சல்தான். சோதனை ஒலிபரப்பின்போதே சின்ன ரேடியோவோடு பைக்கில் தெருத்தெருவாகச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

விளம்பர நேரத்தை மணிக்கு 12 நிமிடமாக 2024-இல் உயர்த்தினார்கள். அதை நம்பி ஆட்களுக்குச் சம்பளம் பேசுவது அவசரம். கிராமத்துக் கடைக்காரருக்கு விளம்பரம் கொடுக்கும் பழக்கமே இருக்காது. அரசு விளம்பரத்துக்கான பணம் எந்த மாதம் வரும் என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

ஒலிபரப்பானதை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்ற விதியைப் பலர் மறந்துவிட்டு, இடம் போதவில்லை என்று கோப்புகளை அழித்துவிடுகிறார்கள். கூடுதலாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடுங்கள். பதிவு செய்யும்போது மின்விசிறியை அணைக்கவும் யாராவது ஒருவருக்குப் பொறுப்பு கொடுங்கள்.