பொருந்துவது வேறு, சரியானது வேறு: பழைய பைக் பாகம் விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாம்பரத்திலிருந்து ஒரு தம்பி ராயபுரத்தில் உள்ள என் கடைக்கு வந்தார். அப்பா ஓட்டிய 1989ஆம் ஆண்டு யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டிக்கு கிராங்க் ஆயில் சீல், அதாவது என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், வேண்டும் என்றார். பழைய கடை ஒன்றைக் காலி செய்தவரிடமிருந்து அன்று காலையில்தான் உறை பிரிக்காத கம்பெனி சீல்கள் ஒரு டப்பா நிறைய எனக்குக் கிடைத்திருந்தன. எழுத்து மங்காத உறை. உள்ளே கன்னங்கரேலென்று மின்னும் ரப்பர். புதையல் கிடைத்ததுபோல் இருந்தது எனக்கு. பெருமையோடு எடுத்துக் கொடுத்தேன். இம்மியும் பிசகாமல் உட்கார்ந்தது என்று அவருடைய மெக்கானிக்கும் சொன்னார். ஆறு வாரம் கழித்து, மதுரவாயல் பைபாஸில் போய்க்கொண்டிருந்தபோது பிஸ்டன் பிடித்து, பின்சக்கரம் சுழலாமல் நின்றுவிட்டது. பின்னால் லாரி எதுவும் வராததால் உயிர் தப்பினார்.

ரப்பரை அலமாரியில் வைத்திருந்தாலும் அதற்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். பல ஆண்டுகள் கிடந்த சீலின் உதடு விறைத்துப்போய், சுழலும் தண்டைக் கவ்விப் பிடிக்காது. ஆர்எக்ஸ் 100இல் இருப்பது போன்ற டூ ஸ்ட்ரோக் என்ஜினில் காற்றும் பெட்ரோலும் கிராங்க் அறைக்குள் நுழைந்துதான் சிலிண்டருக்கு ஏறுகின்றன. மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் இருக்கும் பக்கத்துச் சீல் கசிந்தால், கார்புரேட்டரின் கணக்கில் வராத வெளிக்காற்று அந்த வழியே உள்ளே புகுந்து கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைத்துவிடும். அதனால் சூடு ஏறும். அலுமினியப் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு சைலன்சரில் வெள்ளைப் புகை வரும், அதையாவது கண்ணால் பார்த்துவிடலாம். மேக்னெட் பக்கத்துக் கசிவு அப்படிக் கண்ணுக்குத் தெரியும் எச்சரிக்கை எதையும் தராது.

கடிபட்ட சிலிண்டரைக் குடைந்து சீராக்கும் போரிங், பிஸ்டன், கூலி எல்லாச் செலவையும் நானே ஏற்றுக்கொண்டேன். டப்பாவில் மீதி இருந்த சீல்களைக் கத்தரியால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். வைத்திருந்தால் என்றாவது ஒரு நாள் கை அதன்மீது போகும்.

பைக் மீது உள்ள பற்றால் இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் இளைஞர்கள் பலர் என்னிடம் வந்து, எங்கே வாங்குவது, எவ்வளவு முதல் போடுவது என்று கேட்கிறார்கள். எங்கே வாங்குவது என்பதற்குப் பதில் எளிது. புதுப் பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, கழற்றிய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. எவ்வளவு முதல் என்பதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. பாகம் பொருந்திவிட்டால் அதுதான் சரியான பாகம் என்று நம்பிவிடுகிறோம். இந்தத் தொழிலில் நான் பார்த்த பெரும்பாலான தவறுகள் இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கின்றன. வண்டியின் மீது ஆசை அதிகமாக இருப்பவர்களே இதில் அதிகம் விழுகிறார்கள், ஏனென்றால் ஆசை கண்ணை முந்திக்கொள்கிறது.

பழைய ஸ்டாக்கைப் பார்த்தால் இப்போது நான் ஒரே ஒரு வரம்பை வைத்துக்கொள்கிறேன். கியர், கிக் ஷாஃப்ட், ஸ்போக் போன்ற உலோகம் என்றால் துரு பார்த்து வாங்குவேன். ரப்பர், கார்க், காகித கேஸ்கெட் என்றால் எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் தொடமாட்டேன். ஆயில் சீலின் மீது உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் மில்லிமீட்டரில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த மூன்று எண்களைச் சொன்னால் சீல் மட்டுமே விற்கும் கடைகளில் புதிதாக வார்த்தது கிடைக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். அந்த எண்ணைப் படிக்காமல் டயர் வாங்குபவர் பாகக் கடை வைக்கக் கூடாது என்பேன்.

அடுத்தது, வண்டியின் பெயரை மட்டும் கேட்டுப் பாகத்தை எடுத்து நீட்டுவது. “அண்ணா, புல்லட் 350 பிஸ்டன் ஒன்று வேண்டும்” என்று ஒருவர் கேட்டால் அந்தப் பெயருக்குள் பல என்ஜின்கள் இருக்கின்றன. பழைய வார்ப்பிரும்பு என்ஜினுக்கும் பின்னால் வந்த, என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த யுசிஇ என்ஜினுக்கும் சிலிண்டர் துளை 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 90 மி.மீ., கொள்ளளவு 346 சிசி. எண்கள் அப்படியே ஒன்று, பிஸ்டன் ஒன்றல்ல. 2023இல் புல்லட்டுக்கு வந்த ஜே வரிசை என்ஜினில் துளை 72, ஸ்ட்ரோக் 85.8, கொள்ளளவு 349 சிசி. ஆர்எக்ஸ் கதையும் இப்படித்தான். ஆர்எக்ஸ் 100இன் துளை 50 மி.மீ.; ஆர்எக்ஸ் 135இன் துளை 58 மி.மீ. “ஆர்எக்ஸ் பிஸ்டன்” என்று போனில் கேட்பவரிடம் பெட்ரோல் டேங்கில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பயனில்லை, டேங்கை மாற்றியிருப்பார்கள். என்ஜின் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். முடிந்தால் பழைய பாகத்தையே சாம்பிளாகக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். கடையில் கல்லாப்பெட்டிக்கு முன்பே வாங்க வேண்டிய பொருள், நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் கருவி.

ஸ்பார்க் பிளக் விஷயத்தில் இதே தவறு இன்னும் நுட்பமாக நடக்கிறது. மரையின் விட்டம் 14 மி.மீ. என்று இருந்தால் கையாலேயே திருகி உட்காரவைத்துவிடலாம். ஆனால் மரையின் நீளம் 12.7 மி.மீ. என்றும் 19 மி.மீ. என்றும் இரண்டு வகை உண்டு. குட்டை மரைக்கான சிலிண்டர் ஹெட்டில் நீளமானதைப் போட்டால் அதன் முனை பிஸ்டனைப் போய் இடிக்கும். நீள மரைக்கான ஹெட்டில் குட்டையானதைப் போட்டால் மிஞ்சிய மரையில் கரி படிந்து, பிறகு சரியான பிளக்கைப் போடும்போது மரையே பிய்ந்துவிடும். இதற்கு மேல் வெப்ப எண் என்று ஒன்று இருக்கிறது. என்ஜிகே பிளக்கில் எண் கூடக் கூட பிளக் குளிர்ச்சியானது, அதாவது சூட்டை வேகமாக வெளியே கடத்தும். பாஷ் பிளக்கில் எண் கூடக் கூட அது சூடானது. ஒரு கம்பெனியின் 7க்குப் பதிலாக இன்னொன்றின் 7 என்று எடுத்துக் கொடுப்பவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தேவைக்கு மேல் சூடான பிளக், டூ ஸ்ட்ரோக் பிஸ்டனின் தலையில் ஓட்டையே போட்டுவிடும். கம்பெனி மாறினால் மாற்று எண் பட்டியலைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலை அச்செடுத்து என் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

பேரிங்கில் மட்டும் வேலை எளிது. எண்ணே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. 6204 என்றால் கடைசி இரண்டு இலக்கமான 04ஐ ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 20 மி.மீ.; 6205 என்றால் 25. இதற்குக் கீழே 6202க்கு 15, 6203க்கு 17 என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். தவறு எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தில் நடக்கிறது. 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி, சென்னை மழையில் தேங்கும் தண்ணீருக்குள் போய்வரும் சக்கரத்துக்கு ஏற்றது. சி3 என்றால் உள்ளே குண்டுகளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி. சி3 கேட்கும் கிராங்குக்குச் சாதாரண பேரிங்கைப் போட்டால், சூட்டில் விரிய இடமில்லாமல் இறுகிவிடும்.

போரிங் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் வாடிக்கையாளரின் பணம் வீணாவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பழைய வண்டிகளுக்கு பிஸ்டன் ஸ்டாண்டர்ட் அளவிலும், அதற்கு மேல் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. கூடுதல் அளவுகளிலும் வரும். மெக்கானிக் முதலில் லேத்துக்குப் போய் 0.50க்கு போரிங் போட்டுவிட்டு, பிறகு நம்மிடம் வந்து பிஸ்டன் கேட்பார். முறை தலைகீழாக இருக்க வேண்டும். பிஸ்டனை முதலில் வாங்கி, அதை போரிங் போடுபவர் கையில் கொடுத்து, அந்தப் பிஸ்டனை அளந்து சிலிண்டரைக் குடையச் சொல்ல வேண்டும். உறையில் 0.50 என்று போட்டிருந்தாலும் ஒரு தயாரிப்பாளரின் 0.50க்கும் இன்னொருவரின் 0.50க்கும் நூலிழை வித்தியாசம் இருக்கும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் சில பங்குகள் மட்டுமே. போரிங் போட்டுவிட்டு வருபவருக்கு, கையில் பொருள் இருந்தாலும் சிலிண்டரைக் கொண்டுவரச் சொல்லி அளந்து பார்க்காமல் நான் விற்பதில்லை. சில மெக்கானிக்குகள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போயிருக்கிறார்கள். போகட்டும்.

இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய வகை ரப்பரை உப்பவைக்கும் அல்லது விரிசல் விடவைக்கும். வாரம் ஒருமுறை மட்டும் வெளியே எடுக்கும் வண்டிகளில்தான் இந்தத் தொல்லை அதிகம். பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் ரிப்பேர் கிட் இரண்டையும் எத்தனாலைத் தாங்கும் ரப்பர்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

கடற்கரையோரம் கடை வைத்திருப்பவனாக உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. குரோம் பூசிய பொருளை உறையிலிருந்து எடுத்து அழகுக்காகத் தொங்கவிட்டால், சில மாதங்களில் அது பழைய பொருளாகிவிடும். எண்ணெய் துணியால் துடைத்து, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். கீழ்த்தட்டில் விலை உயர்ந்த எதையும் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது என் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கீழ்த்தட்டில் அட்டைப் பெட்டிகளில் இருந்த கிளட்ச் பிளேட்டுகளும் காயில்களும் சேற்றோடு போயின. இப்போது தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் காலி இரும்புச் சட்டம் மட்டுமே இருக்கிறது. இடம் வீணாகிறதே என்று கேட்பவர்களுக்கு அந்தச் சுவரில் இருக்கும் தண்ணீர்க் கோட்டைக் காட்டுவேன்.

கடன் விஷயத்தில் வளர்த்துவானேன்: மெக்கானிக்குகளுக்குக் கடன் கொடுக்காமல் இந்தத் தொழில் நடக்காது. ஆனால் தொகையை எழுதினால் போதாது, எந்த வண்டிக்கு என்ற பதிவெண்ணையும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து “இதை நான் வாங்கவே இல்லையே” என்ற பேச்சு வராது.

வரியில் பலர் அறியாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாவிட்டால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்று கேள்விப்பட்டு, கேரளத்துக்கும் பெங்களூருக்கும் கூரியரில் பாகம் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அந்த வரம்பு மாநிலத்துக்குள் விற்பவருக்கு மட்டும். வேறு மாநிலத்துக்கு ஒரே ஒரு பாகம் விற்றாலும் பதிவு கட்டாயம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் பைக் பாகங்களுக்கான வரி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு பில் போடுபவர்கள் உடனே திருத்திக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதுதான் பைக் பிரியனுக்கு வரும் கடும் சோதனை. என்ஜின் எண் பொறித்த கிராங்க் கேஸையும் (என்ஜினின் கீழ்க்கூடு) சேசிஸ் எண் உள்ள வண்டி ஃபிரேமையும் ஆர்.சி. புத்தகம் இல்லாமல் வாங்கவே கூடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின்படி அது குற்றம். சிறைத் தண்டனை வரை போகும். “புதுப்பேட்டையில் எடுத்தது” என்று சொல்வது ஆதாரமாகாது. விற்பவரின் அடையாள அட்டை நகல், ஆர்.சி. நகல், கையெழுத்திட்ட ரசீது மூன்றும் கோப்பில் இருக்க வேண்டும்.

என்னிடம் ஒரு ராஜ்தூத் 350 இருக்கிறது. 1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் உரிமத்தோடு வெளியிட்ட இரட்டைச் சிலிண்டர் வண்டி. அதன் கிராங்க் கேஸில் விரிசல். நல்லது ஒன்றை நான்கு ஆண்டுகளாகத் தேடுகிறேன். சென்ற மாதம் ஒரு மாலை, ஒருவர் சாக்குப்பையில் அதையே கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். விரிசல் இல்லை, மரை பிய்யவில்லை, கேட்ட விலையும் பாதிதான். டார்ச் அடித்துப் பார்த்தேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் அரம் வைத்துத் தேய்த்த கோடுகள் இருந்தன. ஆர்.சி. எங்கே என்று கேட்டேன். வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றார். அப்படியானால் இதையும் நாளைக்கே கொண்டுவாருங்கள் என்று சாக்கில் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். அவர் மறுபடி வரவில்லை. என் வண்டியின் என்ஜின் பெஞ்சின்மேல் துணி மூடியபடி அப்படியே இருக்கிறது.