தியத்தலாவைக்குப் போகுமுன்: பயிலிளவல் அதிகாரியாகச் சேர நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் ஒரு நாள் விடியற்காலை, மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் ஒரு தம்பி மணலில் குந்தியிருந்து வலது காலின் முன்னெலும்பை விரலால் அமத்திக்கொண்டிருந்தான். நான் படிப்பித்த பிள்ளைதான். இராணுவத்தில் பயிலிளவல் அதிகாரியாக, அதாவது அதிகாரியாவதற்குப் பயிற்சி பெறுகிறவனாக, சேர விண்ணப்பித்திருந்தான். தேர்வுக்கு இன்னும் 5 வாரம் என்றான்.

"எவ்வளவு தூரம் ஓடுறாய்?"

"ஒவ்வொரு நாளும் எட்டுக் கிலோமீற்றர், சேர்."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல் ஓடயில்ல, சேர்."

அவன் விரல் வைத்திருந்த இடம் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி அளவுதான் இருக்கும். அதைத் தொட்டாலே முகம் சுருங்கியது. எலும்பில் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்திருந்தது. ஆறு வாரத்துக்கு ஓடவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்த முறை அவனுக்குத் தவறிப் போனது.

இருபது வருடத்துக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராகவும் பாடசாலை மாணவர் படையணிக்குப் பொறுப்பாகவும் இருந்தவன் நான். மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் இராணுவத்துக்கும் பொலிசுக்கும் போன பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். போவதா வேண்டாமா என்பது அவரவர் வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டிய காரியம். போரின் நினைவு இல்லாத வீடு இந்த மண்ணில் இல்லை. அந்தப் பேச்சு இலேசாக இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டுக்குத் தெரியாமல் விண்ணப்பம் போடுவதைத் தவறு என்றே சொல்வேன். பயிற்சியில் உடம்பும் மனமும் களைத்துப்போகும் ஒரு இரவில், அம்மாவிடம் சொல்லாமல் வந்த நினைப்பு பெரிய பாரமாகிவிடும். போவதென்று முடிவெடுத்த பிள்ளை தெரியாத்தனத்தால் கால் உடைந்து திரும்பக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேர்வு நாளுக்கு மட்டும் ஆயத்தமாவதுதான் எல்லாத் தவறுக்கும் தாய்த்தவறு. தேர்வு ஓரிரு நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவது ஒரு வருடத்துக்கும் மேற்பட்ட பயிற்சி. பதுளை மாவட்டத்தில் தியத்தலாவையில் இருக்கும் இலங்கை இராணுவக் கல்லூரியில்தான் அது நடக்கும். ரத்மலானையில் உள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்போடு சேர்த்துத் தொடங்குகிறவர்களும் உண்டு. தியத்தலாவை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. புல் படர்ந்த மலைகள், காற்று, குளிர். 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் எனும் டச்சு வம்சாவளிக் கைதிகளை வெள்ளைக்காரர் கொண்டுவந்து அடைத்து வைத்த இடமும் அதுதான். வாவிக்கரையில் சமதரையில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அது வேறொரு உலகம்.

பிந்தித் தொடங்கி முந்தப் பார்ப்பது

அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விளம்பரம் வந்த பிறகு ஓடத் தொடங்குவார்கள். மூன்று நான்கு வாரத்தில் மூச்சு வாங்குவது குறையும், தசையும் பழகிவிடும். எலும்பு அப்படியில்லை. புதுப் பாரம் ஏறும்போது எலும்பு முதலில் தன் பழைய பாகத்தைக் கரைக்கும், பிறகுதான் புதியதைக் கட்டும். கட்டி முடிய மூன்று மாதமளவு எடுக்கும். ஆகவே 3ஆம், 4ஆம் வாரத்தில், 'இப்ப நல்லா ஓடுறன்' என்று பிள்ளை தூரத்தைக் கூட்டும் அதே நேரத்தில் அவன் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். கடற்கரையில் நான் கண்ட தம்பிக்கு நடந்தது அதுதான்.

குறைந்தது 12 வாரம் முன்பே தொடங்குங்கள், 16 வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் இரண்டு கிழமை ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாறி மாறி 25 நிமிடம். கிழமைக்கு 3 நாள் போதும். பக்கத்தில் ஓடுகிறவரோடு ஒரு முழு வசனம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். பிறகு நடையைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டுங்கள். மொத்தத் தூரத்தை ஒரு கிழமையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம். 9ஆம், 10ஆம் வாரமளவில் 5 கிலோமீற்றரை நிற்காமல் ஓட வரும். வேகத்தைப் பற்றி அதற்குப் பிறகு யோசியுங்கள்.

கடற்கரை மணலிலேயே முழு ஓட்டத்தையும் ஓடுவது எங்கள் ஊருக்கே உரிய தவறு. பொலபொலத்த மணல் குதிக்கால் நரம்பை இழுக்கும். அலை நனைத்த இறுகிய மணல் நல்லதுதான், ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே பக்கமாக நெடுந்தூரம் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும், இடுப்பும் முழங்காலும் நோகும். கிழமையில் ஒரு நாள் மணல், மற்ற நாட்களில் மைதானப் புல்தரையோ ஊர் வீதியோ. மலைக்குப் பதிலாகப் பாடசாலையின் மூன்று மாடிப் படிக்கட்டு இருக்கிறது. கேட்டால் அதிபர் மறுக்கமாட்டார். ஏறி இறங்கி 20 நிமிடம். இறங்கும்போது மெதுவாக, தொடைதான் பிரேக் பிடிக்க வேண்டும். விடுமுறையில் குடும்பிமலைப் பக்கமோ இங்கினியாகலைப் பக்கமோ ஒரு நாள் நடந்து வந்தால் ஏற்றம் என்றால் என்ன என்று கால் அறிந்துகொள்ளும்.

காலின் முன்னெலும்பில் நீளமாகப் பரவி நோவது ஒன்று. அது ஓய்விலும் பனிக்கட்டி ஒத்தடத்திலும் குறையும். ஒரே புள்ளியில் நோவதும், ஒற்றைக் காலில் குதித்தால் சுரீரென்பதும், இரவிலும் குத்துவதும் வேறு. அப்படி இருந்தால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் கீறல் தெரியாமல் போகலாம். 'எக்ஸ்ரே கிளியர்' என்று அடுத்த நாளே ஓடி, கீறலை முறிவாக்கிக்கொண்ட பிள்ளையும் உண்டு.

வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று வீசும் காலத்தில் காலை ஏழு மணிக்குப் பிறகு ஓட வேண்டாம். 'வெயிலில் ஓடினால் உடம்பு இறுகும்' என்று பகல் பன்னிரண்டு மணிக்கு ஜக்கெற் போட்டு ஓடுகிறார்கள். அதில் உடம்பு இறுகாது, உயிர்தான் போகும். ஓடுகிறவன் தள்ளாடினால், பேச்சுக் குழம்பினால் அது வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தண்ணீரையும் ஒரே மூச்சில் லீற்றர் கணக்கில் குடிக்கக் கூடாது, இரத்தத்தில் உப்புக் குறைந்து மயக்கம் வரும். உப்புப் போட்ட கஞ்சி, இளநீர், இடையிடையே கொஞ்சம் தண்ணீர் போதும். இன்னொன்று. பழக்கமில்லாத உடம்போடு ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் குந்தி எழும்பி, மறுநாள் சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போனால் தாமதிக்க வேண்டாம். தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம்.

எண்ணிக்கைக்காகச் செய்வது

"சேர், நான் அறுபது புஷ்-அப் அடிப்பன்" என்பார்கள். செய்து காட்டச் சொன்னால் இடுப்புத் தொங்கும், நெஞ்சு பாதி வழியில் திரும்பிவிடும். நான் ஒரு வேலை செய்வேன். நெஞ்சுக்கு நேர் கீழே ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைப்பேன். நெஞ்சு சிரட்டையில் தொட்டால்தான் ஒன்று, கை முழுதாக நிமிர்ந்தால்தான் அடுத்தது. அறுபது சொன்ன பிள்ளைக்குப் பதினொன்றில் கை நடுங்கும். அந்தப் பதினொன்றுதான் அவனுடைய உண்மையான கணக்கு. அதிலிருந்து கூட்டுங்கள். அப்புறம், தோளில் அரிசி மூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை விடுங்கள். பையில் 5 கிலோ வைத்து நடங்கள், கிழமைக்குக் கிழமை கொஞ்சமாகக் கூட்டுங்கள். பாரத்தோடு ஓட்டத்தைப் பயிற்றுநர்கள் உரிய நேரத்தில் சொல்லித் தருவார்கள். ஜிம்மில் யாரோ தரும் மாத்திரையும் மாவும் வேண்டவே வேண்டாம். மீன், முட்டை, பருப்பு, பயறு போதும்.

சப்பாத்து

செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த காலுக்குப் பூட்ஸ் பெரிய தண்டனை. புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு முதல் நாளே 10 கிலோமீற்றர் நடந்தால் குதிக்கால் தோல் உரிந்து கையோடு வரும். பின்னேரத்தில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது வாங்குங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். வீட்டுக்குள் அரை மணி நேரம், பிறகு கடைக்குப் போய் வர, பிறகு ஒரு மணி நேர நடை என்று பழக்குங்கள். எங்காவது சூடாக உரசினால் கொப்புளம் வரும்வரை பார்த்திருக்காமல் உடனே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். குளித்தபின் விரலிடுக்கைத் துடையுங்கள். மாரி காலத்தில் சேற்றுப்புண்ணோடு பூட்ஸ் போடுவது பெரிய வேதனை.

அம்மா செய்து தந்த வேலைகள்

இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். 5 கிலோமீற்றர் பறக்கும் பையனுக்குச் சேட்டில் தெறி தைக்கத் தெரியாது. ஒரு முறை ஒரு பிள்ளையிடம் ஊசியும் நூலும் கொடுத்தேன். நூல் கோர்க்கவே அவனுக்கு ஆறு நிமிடம் போனது. பக்கத்தில் நின்ற அவன் தாய் கையை நீட்டி, "தா மனே, நான் கோர்த்துத் தாறன்" என்றா. அந்தத் தாயின் அன்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பயிற்சிக் கல்லூரியில் உடுப்புத் தோய்ப்பது, ஸ்திரி போடுவது, கட்டில் விரிப்பது, சப்பாத்து மினுக்குவது எல்லாம் நிமிடக் கணக்கில் நடக்கும். இவற்றில் ஒவ்வொன்றிலும் 5 நிமிடம் பிந்தினால் அது நித்திரை நேரத்திலிருந்துதான் கழியும். இப்போதிருந்தே உங்கள் உடுப்பை நீங்களே தோயுங்கள். இரவு ஒரு மணி வரை ஃபோனோடு கிடந்துவிட்டு அங்கே போய் விடியுமுன் எழும்பலாம் என்று நினைக்க வேண்டாம். மூன்று நாளுக்கொரு முறை 15 நிமிடம் முன்தள்ளிப் படுங்கள், ஒரு மாதத்தில் உடம்பு திரும்பிவிடும்.

மொழி

'அங்கே போய்ப் பழகலாம்' என்பதுதான் எங்கள் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு. அம்பாறையில் வளர்ந்தவர்களுக்குச் சந்தையிலும் பஸ்ஸிலும் சிங்களம் காதில் விழுந்திருக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைப் பிள்ளைக்கு அது குறைவு. பயிற்சியில் சிங்களமும் ஆங்கிலமும் ஓடும். முதல் நாட்களில் கட்டளை விளங்காமல் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துத் திரும்புகிற பிள்ளை எப்போதும் அரை நொடி பிந்துவான். அது சோம்பலாகத் தெரியும், மொழிப் பிரச்சினை என்று யாருக்கும் தோன்றாது. எக்க, தெக்க, துன, ஹத்தர என்று எண்களில் தொடங்குங்கள். வம என்றால் இடது, தகுண என்றால் வலது. நேரம், உடல் உறுப்பு, கிழமை, உணவு என்று ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும். சிங்களச் செய்தியைத் தினமும் பத்து நிமிடம் கேளுங்கள். விளங்காவிட்டால் "விளங்கவில்லை, சேர்" என்று சிங்களத்தில் சொல்லும் வசனத்தை முதலில் மனனம் செய்யுங்கள். ஊகித்துச் செய்து பிழைவிடுவதைவிட அது நூறு மடங்கு நல்லது.

பத்திரங்களும் தரகர்களும்

பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எங்களுக்கு இது அடிக்கடி நடக்கும். கடைசிக் கிழமையில் பிரதேச செயலகத்துக்கு ஓடாமல் இப்போதே எடுத்து ஒப்பிடுங்கள். பாடசாலை விடுகைப் பத்திரம், உயர்தரப் பெறுபேறு, கிராம சேவகர் சான்று, விளையாட்டுச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். வயது, உயரம், கல்வித் தகைமை ஆகியவற்றை ஊரார் வாயிலிருந்து கேட்காமல் அந்த முறை வந்த அறிவித்தலையே வாசியுங்கள். 'உள்ளே ஆள் இருக்கு, இவ்வளவு தந்தால் எடுத்துத் தருவன்' என்று வருகிறவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள், மூலப் பத்திரத்தையும் கையில் கொடுக்காதீர்கள்.

பல், கண், நிறக்குருடு, பழைய காயம் எல்லாவற்றையும் முன்கூட்டியே வைத்தியரிடம் காட்டுங்கள். சூத்தைப் பல்லை இப்போதே அடைத்துவிடுங்கள். மூச்சிழுப்பு இருந்ததை மறைத்துப் போனால் மலைக்குளிரில் அது தானாக வெளியே வரும்.

நேர்முகத்தில் மனப்பாடம் வேண்டாம். 'ஏன் இராணுவம்?' என்று கேட்டால், பத்துப் பேர் சொன்ன அதே வசனத்தைப் பதினோராவதாகச் சொல்லாமல் உங்கள் சொந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். உங்கள் மாவட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். மட்டக்களப்பில் 14 பிரதேச செயலகப் பிரிவு, அம்பாறையில் 20. இலங்கை இராணுவம் உருவானது 1949 ஒக்டோபர் 10. குழுவாக ஒரு வேலை கொடுக்கும்போது சத்தமாகக் கத்துகிறவன்தான் தலைவன் என்று பலர் நினைக்கிறார்கள். பலகையும் கயிறும் பீப்பாயும் கொடுத்துக் கடக்கச் சொன்னால், யார் மற்றவன் சொல்வதைக் கேட்கிறான், யார் ஒதுங்கி நிற்கிறவனுக்கும் ஒரு வேலை கொடுக்கிறான், யார் தன் யோசனை பிழைத்தபோது 'என்ர பிழை, மாத்துவம்' என்கிறான் என்பதைத்தான் நான் பார்ப்பேன். கிரிக்கெட் அணியிலும் கோவில் திருவிழா வேலையிலும் இதைப் பழகலாம்.

கடைசியாகப் பயணம். மட்டக்களப்பிலிருந்து செங்கலடி வழியாக, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை என்று பாதை ஏறும். பிபிலை தாண்டினால் வளைவுதான். விடிய வெளிக்கிட்டு அன்றைக்கே போய் நின்று, வாந்தியும் தலைச்சுற்றுமாக முதல் வரிசையில் நின்ற பிள்ளையை எனக்குத் தெரியும். முதல் நாளே போய்ப் பதுளையிலோ பண்டாரவளையிலோ தெரிந்தவர் வீட்டில் தங்குங்கள். இரவுக்கு இலேசாகச் சாப்பிடுங்கள். ஸ்வெட்டரைப் பையின் அடியில் வைக்காமல் மேலே வையுங்கள், பசறையிலேயே தேவைப்படும்.