இலை எடுக்கும் முன் ஒரு சாக்கு

பந்தி எழுந்ததும், இலை எடுப்பவருக்கு முன்னால் ஒருவர் சாக்கோடு நடந்து தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் கப் எல்லாவற்றையும் பொறுக்கிவிடட்டும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கல்யாண வீடுகளுக்கு இந்த ஒரு ஆள் போதும். எவர்சில்வர் டம்ளர் வைக்கிற வீடென்றால் வேலை பாதிதான்.

இலைக்குள் சுருட்டி சாம்பாரில் ஊறிய கப்பை அப்புறம் யாரும் பிரிக்கமாட்டார்கள். மொத்தமும் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். பிளாஸ்டிக் கலக்காத இலை மாட்டுக்கோ எருக்குழிக்கோ போகும், பாட்டிலைப் பழைய இரும்புக்கடையில் எடைக்கு எடுப்பார்கள். மாடு தின்ற பிளாஸ்டிக் வயிற்றிலேயே தங்கி அதைக் கொல்லவும் கூடும், அதனால் ஒரு கப் தப்பினாலும் தப்புதான்.

கறிவிருந்து இலை மாட்டுக்கு ஆகாது, எலும்பு கிடக்கும். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் இலை மட்காது; அந்தப் பந்திக்கு இந்த வழி உதவாது.