டீன் ஏஜ் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ 14 வயதுப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, எந்த வார்டு என்பதிலேயே சிக்கல் வரலாம். பல மருத்துவமனைகளில் 12 வயதோடு குழந்தைகள் வார்டு முடிந்துவிடுகிறது. அப்புறம் பெரியவர்கள் வார்டுதான். லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் 1990-லேயே புற்றுநோய் வந்த டீன் ஏஜ் பிள்ளைகளுக்கெனத் தனிப் பிரிவு திறந்தார்கள். நம் பக்கம் அப்படி வரும்போது வரட்டும். நம் கையில் இருப்பதை இன்றே மாற்றலாம்.

பிள்ளைக்குப் பதிலாக நாம் பேசுவதுதான் பெரிய தவறு. "என்னப்பா செய்யுது?" என்று டாக்டர் பையனைக் கேட்பார். அம்மா பதில் சொல்வார், அவர் விட்டதை ஆயா சொல்லி முடிப்பார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். சில நிமிஷமாவது டாக்டரோடு அவனைத் தனியாக விடுங்கள். சிகரெட், காதல், செத்துப்போகலாம் என்ற நினைப்பு, இதெல்லாம் வீட்டார் முன்னால் வாயில் வராது. சொன்னதை வெளியே விடமாட்டேன் என்று டாக்டரும் உறுதி கொடுக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலும், பாலியல் துன்புறுத்தல் என்றாலும் தான் வெளியே சொல்லியே ஆக வேண்டும் என்பதையும் முதலிலேயே தெரிவித்துவிட வேண்டும். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அந்தக் குற்றத்தை யாரும் மறைக்கக் கூடாது.

பார்க்க வருகிற கூட்டம் அடுத்தது. நம் ஊரில் ஒருவர் படுத்தால் பங்காளி வீடு முழுக்க வந்து நிற்கும். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் மாதவிடாய் நாளில் இருக்கும் 15 வயதுப் பெண்ணைச் சுற்றி எட்டுப் பேர் நின்றால் அவள் எப்படி நர்ஸிடம் வாய் திறப்பாள்? யாரைப் பார்க்க விருப்பம் என்று அவளிடமே கேளுங்கள். பரிசோதனையின்போது திரையை இழுத்து மூடச் சொல்லுங்கள்.

உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போய், தினமும் இன்சுலின் ஊசி போட்டே ஆகவேண்டிய டைப் 1 சர்க்கரை நோயில் நடப்பது என்னை மிகவும் வருத்துகிறது. பருவ வயதில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலின் வேலை செய்வதைக் குறைக்கும். அதனால் ஊசியின் அளவைக் கூட்ட வேண்டிவரும். இது தெரியாமல், சர்க்கரை ஏறியதும் "கல்யாண வீட்டில் என்னத்தைத் தின்னே?" என்று திட்டுகிறோம். திட்டுக்குப் பயந்து பிள்ளை பொய்யான சர்க்கரை அளவை எழுதிக் காட்டும். பெண் பிள்ளை என்றால் நாளைக்கு வரன் தட்டிப்போகும் என்று நோயையே மறைக்கிறார்கள். பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. ஊசியை யாருக்கும் தெரியாமல் போடவேண்டும் என்றால் சில வேளை போடாமலே போகும். இன்சுலின் நின்றால் ரத்தத்தில் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். வகுப்பாசிரியர் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். திட்டுவதற்குப் பதில் டாக்டரிடம் இன்சுலின் அளவைச் சரிபாருங்கள்.

இந்த வயதில் தூக்கம் இயல்பாகவே தாமதமாக வரும். அவசரமில்லாத ரத்தப் பரிசோதனைக்கு விடிகாலையில் எழுப்ப வேண்டாம். போனையும் முழுசாகப் பிடுங்காதீர்கள், நண்பர்கள் அதில்தான் இருக்கிறார்கள்.

18 ஆனதும் திடீரென்று பெரியவர்கள் டாக்டரிடம் அனுப்பிவிடுவதும் தவறு. அந்த மாற்றத்தில்தான் பலர் சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள். 14, 15 வயதிலேயே மாத்திரையின் பெயர், அளவு, அடுத்து எப்போது வரவேண்டும் என்பதைப் பிள்ளையே சொல்லப் பழக்குங்கள். மருத்துவச் சீட்டுகளை அவர்களே ஒரு ஃபைலில் வைத்துக்கொள்ளட்டும்.