மதகுச் செலவைக் குறைத்துவிட்டு மீனைத் தேடாதீர்கள்

கரை போட்டுத் துண்டித்த வெள்ளச் சமவெளியை, அதாவது வெள்ளக் காலத்தில் ஆறு பரவும் தாழ்நிலத்தை, ஆற்றோடு மறுபடி இணைக்க நிதி கேட்டு எழுதப்படும் விண்ணப்பங்களை வாசிப்பதும் திருத்திக் கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. புதிதாக வருபவர்கள், எங்கள் தலைமுறை செய்து கையைச் சுட்டுக்கொண்ட தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். கடைசி நாளில் அனுப்புவது, கூட்டலில் பிசகுவது, நில உரிமையாளரிடம் கையெழுத்து வாங்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் தானாகத் திருந்தும் சங்கதிகள் அவை.

‘மீன்களுக்கும் வலசைப் பறவைகளுக்கும் பயன்’ என்ற ஒற்றை வரி

இந்த வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. எந்த மீன், எந்தப் பறவை, எந்த மாதம், எவ்வளவு ஆழம்? ஒன்றும் இருக்காது. கரையை உடைத்துத் தண்ணீரை உள்ளே விட்டால் எல்லா உயிரும் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை மட்டும் பக்கம் பக்கமாக இருக்கும்.

தண்ணீர் ஒன்றுதான், தேவை ஆளுக்கு ஒரு விதம். உள்ளான் போன்ற கரைப்பறவைகள் சேற்றைக் குத்தி இரை தேடுபவை. பத்து சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நின்றால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அந்த இடம் உதவாது. தலையைக் கவிழ்த்து மேயும் வாத்துகளுக்கு ஓரடிக்குள் ஆழம் வேண்டும். மீன்குஞ்சுகளுக்கோ நாளும் வழியும்தான் பெரிது. தண்ணீர் பரந்து, வெயிலில் சூடேறி, மிதவை நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். அவற்றைத் தின்று கொழுத்த குஞ்சுகளுக்கு, வெள்ளம் வடியும்போது ஆற்றுக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ ஆற்றின் வெள்ளத்தைத் திருப்பிவிடும் யோலோ பைபாஸில், சினூக் சால்மன் குஞ்சுகள் ஆற்றிலேயே இருந்தவற்றைவிட வேகமாக வளர்ந்தன என்று 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. விண்ணப்பம் எழுதும் எல்லோரும் இதை மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். அதே பைபாஸின் தொடக்கத்தில், ஆற்றுவெள்ளம் வழிந்து உள்ளே வரும் ஃப்ரீமாண்ட் கலிங்கில், 2011 வெள்ளம் வடிந்தபோது பச்சை ஸ்டர்ஜன் மீன்கள் சிக்கிக்கொண்டதையும், ஆட்கள் இறங்கிப் பிடித்து அவற்றை ஆற்றில் சேர்த்ததையும் ஒருவரும் எழுதுவதில்லை.

நான் பார்வையிடப் போன ஒரு திட்டம், பெயர் வேண்டாம், வரைபடத்தில் நன்றாகவே இருந்தது. ஆற்றுநீர் உள்ளே வர ஒரு திறப்பு. தாழ்ந்த மூலையிலிருந்து ஆற்றுக்குத் திரும்ப ஒரு வடிகால். அதன் வாயில் பலகை போட்டு எடுக்கும் மதகு. நிதி தருபவர்கள் மதிப்பீட்டைக் குறைத்து வரச் சொன்னார்கள். எதைக் குறைப்பது? மண் வேலையில் கைவைத்தால் ஏக்கர் குறையும். நடவில் கைவைத்தால் புகைப்படத்தில் பச்சை குறையும். வடிகாலை யாரும் படம் எடுப்பதில்லையே. அதை ‘இரண்டாம் கட்டத்துக்கு’ ஒத்திவைத்தார்கள். அந்த இரண்டாம் கட்டம் வரவேயில்லை.

முதல் வெள்ளம் வந்தது, வடிந்தது. தாழ்ந்த மூலையில், முன்பு மண் எடுத்த குழியில், தண்ணீர் நாளுக்கு நாள் சுருங்கியது. விளிம்பில் சேறு வெடித்திருந்தது. நடுவே கணுக்கால் அளவுத் தண்ணீரில் விரல் நீளக் குஞ்சுகள் முதுகு தெரியத் துடித்துக்கொண்டிருந்தன. சுற்றிலும் கொக்குகளும் நாரைகளும். அதைப் படம் எடுத்து ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டு, ‘பறவைகள் திரும்பிவிட்டன’ என்று எழுதியும் வைத்தார்கள்! எந்த மீனின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கினார்களோ அந்த மீனைத்தான் பறவைகள் விழுங்கிக்கொண்டிருந்தன. மீன்வள நிதியின் சார்பில் வந்த அதிகாரி மீன் படித்தவர். அட்டையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த தவணை நின்றது. பிறகு புதிதாக அனுமதி வாங்கி, ஊறிய நிலத்தில் இயந்திரத்தை இறக்கி, நட்ட செடிகளை நசுக்கி, அதே வடிகாலை வெட்டினார்கள். மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு செலவு.

ஆகவே மாதவாரியாக ஒரு தண்ணீர் அட்டவணை போடுங்கள். எந்த வாரம் எந்த ஆழம், யாருக்காக, பலகையை எடுப்பது எப்போது, எடுப்பவர் யார் என்று அதில் இருக்கட்டும். மீனின் தேவையும் பறவையின் தேவையும் மோதும் வாரங்களை மறைக்காதீர்கள். வாத்துக்காகத் தண்ணீரைத் தேக்கும் பாத்திகளை ஆற்றோடு கலக்கும் பகுதியிலிருந்து பிரித்துக் காட்டலாம். மதகு, வடிகால், அவற்றை இயக்குபவரின் சம்பளம் மூன்றையும் மண் வேலையோடு பிரிக்க முடியாத ஒரே பணியாக எழுதுங்கள். தனித் தலைப்பில் நின்றால் குறைக்கச் சொல்லும் பேனா முதலில் அங்கேதான் போகும்.

இணை நிதியின் ஊற்றுக்கண்ணைப் பார்க்காதது

மானியத்தோடு நாம் சேர்த்துக் காட்ட வேண்டிய பணம்தான் இணை நிதி. அமெரிக்காவின் வட அமெரிக்க ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் (1989), கேட்கும் ஒவ்வொரு டாலர் மானியத்துக்கும் குறைந்தது ஒரு டாலரைக் கூட்டாட்சி அரசு சாராத இடத்திலிருந்து கொண்டுவரச் சொல்கிறது. அங்கே போய் இன்னொரு கூட்டாட்சி மானியத்தை எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கே கேட்டாலும் விதியின் இந்தப் பகுதியை முதலில் படியுங்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் தோண்டுவது

அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

உயிரினங்களுக்கான நிதியை மட்டும் நம்புவது

பெரிய பணம் வெள்ளத் தடுப்பில் இருக்கிறது. நெதர்லாந்தில் 1993இலும் 1995இலும் ஆறுகள் பெருகின. இரண்டாம் முறை சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. அதன் விளைவாக வந்த ‘ஆற்றுக்கு இடம்’ திட்டம், 30க்கும் மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளியும் சமவெளியைத் தாழ்த்தியும் சுமார் 230 கோடி யூரோவில் நடந்தது. அதன் முதல் நோக்கம் மக்களின் பாதுகாப்பு. உயிரினங்களுக்கு இடம் கிடைத்தது அதன் வழியாகத்தான்.

இந்தப் பணத்துக்கு நிபந்தனை உண்டு. வெள்ளப் பாதையில் மரம் அடர்ந்தால் நீரோட்டம் தடைபட்டு நீர்மட்டம் உயரும். எங்கே மரம் வளரலாம், எங்கே வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நடவுக்கு முன்பே பொறியாளரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கூடு கட்டிய பிறகு வெட்டச் சொன்னால் பறவை ஆர்வலர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

முன்கணக்கு எடுக்காமல் தொடங்குவது

ஃப்ளோரிடாவின் கிஸ்ஸிம்மீ ஆற்றை 1960களில் நேர்க் கால்வாயாக வெட்டினார்கள். அதை மறுபடி வளைத்து ஓடவிடும் வேலை 1999இல் தொடங்கியது. பறவை, மீன் கணக்கெடுப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது. அதனால்தான் பிற்பாடு வந்த மாற்றத்தை அவர்களால் எண்ணிக்கையில் காட்ட முடிந்தது. கணக்கெடுப்புக்கு ஒரு பருவமாவது வேண்டும், அதற்குத் தனித் தொகையும் வேண்டும்.

ஏக்கர் பெருமை

எத்தனை ஏக்கர் என்பதோடு நிறுத்தாமல், எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று எழுதுங்கள்.

‘பணம் வந்ததும் சம்பளம்’

அரசு மானியங்கள் பல, செலவான பிறகு ரசீது பார்த்துத் திருப்பித் தருபவை. இடைப்பட்ட மாதங்களைத் தாங்கக் கையிருப்பு இல்லையென்றால், முன்பணம் உண்டா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஐந்தாம் ஆண்டு

வண்டல் திறப்பை மூடும். களை ஏறும். மதகுப் பலகை உளுத்துப்போகும். மானியக் காலம் அதற்குள் முடிந்திருக்கும். தூர் வாருவது யார், தொகை எந்த வைப்பு நிதியிலிருந்து வரும் என்று சொல்லாத விண்ணப்பத்தை இப்போதெல்லாம் நான் முழுதாகப் படிப்பதில்லை.